உப்பு உடலுக்குக் கேடா? அளவறிந்து உண்போம்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் பாட்டிமார் சொல்லிவந்த பழமொழி. "உப்பைக் குறையுங்கள்" என்பது இன்று மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரை. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் குடும்பங்கள் குழம்பி நிற்கின்றன. ஒரே வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் அத்தாவுக்கு உப்பில்லாமல் தனிக் குழம்பு, மற்றவர்களுக்கு வழக்கமான குழம்பு என்று இரண்டு சட்டி வைக்கும் நிலை வந்துவிட்டது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பள்ளிவாசல்களில் ஜுமுஆ முடிந்ததும் உதவி கேட்டுச் செய்யப்படும் அறிவிப்புகளைக் கவனிப்பவர்களுக்கு இது தெரியும். சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர், ஐம்பது வயதைத் தொடும் முன்பே மாரடைப்பால் போனவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இந்நோய்களுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரிய காரணம் உயர் இரத்த அழுத்தம். அந்த அழுத்தத்தை ஏற்றும் காரணங்களில் நம் கையில் இருப்பது உப்பு.

எனவே உப்பு உண்மையில் கேடா, கேடென்றால் எந்த அளவில் கேடு, அதன் சிறப்பு பற்றி மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுபவை சரியானவையா என்பனவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடலுக்கு உப்பு ஏன் தேவை?

சமையல் உப்பு என்பது சோடியம், குளோரைடு ஆகிய இரண்டும் சேர்ந்த பொருள். எடையில் 40 சதவீதம் சோடியம், மீதி குளோரைடு. அதாவது 5 கிராம் உப்பில் 2 கிராம் சோடியம் இருக்கிறது. நரம்புகள் செய்தி கடத்தவும், தசைகள் சுருங்கி விரியவும், இரத்தத்தில் நீரின் அளவு சீராக இருக்கவும் சோடியம் வேண்டும். அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. அல்லாஹ் படைத்த அருட்கொடைகளில் உப்பும் ஒன்று என்பதில் ஐயமில்லை. சுவையான நீரையும் உவர்ப்பான நீரையும் தன் அத்தாட்சிகளாகத் திருக்குர்ஆன் (25:53, 35:12) எடுத்துக் காட்டுகிறது.

ஆனால் உடலின் அடிப்படைத் தேவை மிகச் சிறியது. ஒரு நாளைக்குச் சில நூறு மில்லிகிராம் சோடியம் போதும். அரிசி, காய்கறி, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில் இயல்பாகவே கொஞ்சம் சோடியம் இருக்கிறது. நாம் கையால் அள்ளிப் போடும் உப்பில் பெரும்பகுதி நாக்குக்காகப் போடுவதே தவிர, உடலுக்காக அல்ல.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்குப் பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். காலை சட்னி முதல் இரவு ஊறுகாய் வரை எல்லாம் சேர்த்து இந்த அளவுதான். குழந்தைகளுக்கு அவர்களின் உணவின் அளவுக்கேற்ப இன்னும் குறைவு.

அதிகமானால் என்ன நடக்கிறது?

கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட இரவில் தாகம் எடுப்பதை எல்லோரும் அறிவோம். இரத்தத்தில் சோடியம் கூடினால் அதை நீர்க்கச் செய்ய உடல் தண்ணீர் கேட்கிறது. குடித்த நீர் இரத்தக் குழாய்களில் சேர்ந்து இரத்தத்தின் கன அளவு கூடுகிறது. மிகுதியான உப்பைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டும். ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்டால் அது சமாளித்துவிடும். ஒவ்வொரு நாளும், ஆண்டுக்கணக்கில், தேவைக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது. இரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. இதயம் கூடுதல் விசையோடு அடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாமலேயே 160, 170 என்று இருக்கும். மூளையில் குழாய் அடைபடும்போதோ வெடிக்கும்போதோதான் வீடு விழித்துக்கொள்கிறது.

எல்லோருடைய உடலும் உப்புக்கு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. சிலருக்குச் சற்றுக் கூடினாலும் அழுத்தம் எகிறும், சிலருக்கு அவ்வளவாக ஏறாது. வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பாதிப்பு அதிகம். "நானும்தான் நாற்பது வருஷமாச் சாப்பிடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஒருவர் சொல்வது அவருக்கு உண்மையாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அதே குழம்பைச் சாப்பிடும் அவர் மனைவிக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை.

சென்னையிலேயே கண்ட உண்மை

இது மேலைநாட்டு ஆய்வு, நமக்குப் பொருந்தாது என்று சிலர் கருதுவதுண்டு. சென்னை நகர மக்களிடமே இது ஆராயப்பட்டிருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நகரவாசிகளின் உணவை விசாரித்துக் கணக்கிட்டு 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்கு 8.5 கிராம் உப்பு உண்பது தெரிய வந்தது. உப்பு உண்ணும் அளவைக் கொண்டு மக்களை ஐந்து பிரிவாகப் பிரித்துப் பார்த்தனர். மிகக் குறைவாக உண்ட பிரிவில் 16.6 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. மிக அதிகமாக உண்ட பிரிவில் அது 48.4 சதவீதம். அதிகமாக உண்டவர்கள் வயதிலும் வருமானத்திலும் கூடியவர்களாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் வித்தியாசம் சிறியதன்று.

2017-18ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுவதும் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் பெரியவர்களின் சராசரி உப்பு நாளொன்றுக்கு 8 கிராம் என்று கண்டறியப்பட்டது. ஆண்கள் 8.9 கிராம், பெண்கள் 7.1 கிராம். பரிந்துரைத்த அளவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல்.

தமிழக அரசின் சார்பில் 2020இல் நடத்தப்பட்ட ஆய்வில், மாநிலத்தின் பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. மூவரில் ஒருவர்! அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. இந்த நிலையை மாற்றத்தான் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கி, வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்தாலும், உப்பு அதே அளவில் சட்டியில் விழுந்துகொண்டிருந்தால் மாத்திரையின் வேலை பாதியாகிவிடும்.

மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு உண்டா?

உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதில் வேறுபாடு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

உப்பைக் குறைத்தால் அழுத்தம் குறைகிறது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் 412 பேருக்கு உணவைத் தயாரித்தே கொடுத்து, உப்பை மட்டும் மூன்று அளவுகளில் மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமான உணவு உண்டவர்களுக்கு, அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வந்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 6.7 புள்ளி இறங்கியது.

எவ்வளவு தூரம் குறைப்பது என்பதில்தான் வாதம். இந்தியா உட்படப் பல நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் சோடியம், அதாவது ஏறத்தாழ 7.5 முதல் 15 கிராம் உப்பு உண்டவர்களிடம் மாரடைப்பும் மரணமும் குறைவு, அதற்கு மேலும் ஆபத்து, அதற்குக் கீழும் ஆபத்து என்று அது சொன்னது. "உப்பைக் குறைத்தால் ஆபத்து" என்று இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளின் மூலம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு மற்ற ஆய்வாளர்கள் சொன்ன மறுப்பு வலுவானது. காலையில் ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரை வைத்து ஒரு நாள் முழுக்க உண்ட உப்பைக் கணக்கிட்டார்கள், அது துல்லியமான முறையல்ல என்றார்கள். மேலும், ஏற்கெனவே நோயுற்றவர்கள் குறைவாகத்தான் உண்பார்கள். அவர்கள் இறப்பது நோயினால், உப்புக் குறைவினால் அல்ல.

பிறகு 2021இல் சீனாவிலிருந்து ஒரு பெரிய முடிவு வந்தது. 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் இரத்தக் கொதிப்புள்ள முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேர். பாதி கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மறு பாதிக்கு, கால் பங்கு சோடியம் உப்பை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் உப்பைக் கலந்து கொடுத்தார்கள். சுமார் ஐந்தாண்டுகளில், மாற்று உப்பு உண்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்திருந்தன. சோடியம் குறைந்ததாலா, பொட்டாசியம் கூடியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சமையலறை உப்பை மாற்றினால் உயிர் காக்க முடியும் என்பதை இது காட்டிவிட்டது.

சுருக்கம் இதுதான்: 5 கிராமா, 6 கிராமா என்று நிபுணர்கள் விவாதிக்கட்டும். 10, 12 கிராம் உண்பவர் குறைக்க வேண்டும் என்பதற்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உப்பின் பெயரால் சொல்லப்படும் ஹதீஸ்கள்

நம் சமுதாயத்தில் ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாப்பாட்டை உப்பைக் கொண்டு தொடங்கி உப்பைக் கொண்டு முடித்தால் எழுபது நோய்களுக்கு நிவாரணம் என்று நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம் சொன்னதாக ஒரு செய்தி. விருந்துகளில் இலையின் ஓரத்தில் உப்பை வைத்து, முதலில் அதைத் தொட்டு நாக்கில் வைப்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகச் சொல்கிறார்கள்.

இந்தச் செய்தி இட்டுக்கட்டப்பட்டது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த தமது "அல் மவ்ளூஆத்" நூலில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். குழம்பு வகைகளின் தலைவன் உப்பு என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். அதைச் சரியென்றே வைத்துக்கொண்டாலும், உப்பு சுவைக்குத் தலைமையானது என்றுதான் பொருள் வருமே தவிர, நிறையச் சாப்பிடுங்கள் என்று வராது.

நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை நாம் அறிவோம். அதை நம்பி ஒரு இரத்தக் கொதிப்பு நோயாளி மூன்று வேளையும் உப்பை நக்குவார் என்றால் அது உடலுக்கும் கேடு, மார்க்கத்துக்கும் அவப்பெயர்.

மார்க்கத்தில் உறுதியாக இருப்பவை வேறு. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கட்டளை திருக்குர்ஆனில் (7:31) இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. உப்பு விஷயத்தில் நம் வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய சுன்னத் இதுதான். பல வீடுகளில் பெண்கள் உப்பைக் கூட்டிப் போடுவது பயத்தினால். "உப்பே இல்லை" என்று தட்டைத் தள்ளிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயம் போனால் பாதி உப்பு தானே குறையும்.

நம் வீட்டில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

மேலைநாடுகளில் உப்பின் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி போன்ற கடைப் பொருள்களில் வருகிறது. பிரிட்டனில் உணவு நிறுவனங்கள் தங்கள் பொருள்களில் உப்பைப் படிப்படியாகக் குறைத்தன. அங்கே ஒருவரின் சராசரி உப்பு 9.5 கிராமிலிருந்து 2011இல் 8.1 கிராமாக இறங்கியது. மக்கள் பெரிதாக உணரக்கூட இல்லை. நம் நிலை வேறு. நமக்குப் பெரும்பகுதி நம் வீட்டு அடுப்பில், நம் கையாலேயே சேர்கிறது. குறைப்பது நம் கையில் இருக்கிறது என்பது இதிலுள்ள நல்ல செய்தி.

சோற்றுக்கு ஒரு முறை, குழம்புக்கு ஒரு முறை, பொரியலுக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று ஒரே தட்டில் நான்கு முறை உப்பு விழுகிறது. இதற்கு மேல் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய். கருவாடு உப்பிலேயே பதப்படுத்தப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் குர்பானி இறைச்சியில் போடும் உப்புக்கண்டமும் அப்படியே. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கறி கெடாமல் இருக்க உப்புக்கண்டம் வேண்டியிருந்தது. இன்று அது சுவைக்காக மட்டுமே. எப்போதாவது கொஞ்சம் உண்பதில் தவறில்லை. கருவாடானாலும் உப்புக்கண்டமானாலும் வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் கணிசமான உப்பு போய்விடும். குழம்பில் தனியாக உப்பு சேர்க்கவே வேண்டாம்.

கடைப் பொருள்களில் சிப்ஸ், மிக்சர், உடனடி நூடுல்ஸ், சூப் பொடி, சாஸ், கடை மசாலாக் கலவைகள் ஆகியவை கவனிக்க வேண்டியவை. அஜினோமோட்டோவிலும் சமையல் சோடாவிலும்கூட சோடியம் உண்டு. பாக்கெட்டின் பின்புறம் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் என்றிருந்தால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு பொருளிலேயே முடிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டின் அளவை அறிய எளிய கணக்கு ஒன்று. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். எனவே ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். 25 நாளில் தீர்ந்தால் இரட்டிப்பாக உண்கிறீர்கள். ஊறுகாய் போட்டது, மீன் கழுவியது போன்றவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். வெளியில் உண்டதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்துப்பு, கல் உப்பு, சோடியம் குறைந்த உப்பு

இளஞ்சிவப்பு நிற இந்துப்பு உடம்புக்கு நல்லது, பிரஷர் ஏறாது என்று நம்பி நான்கைந்து மடங்கு விலை கொடுத்து வாங்குவோர் இருக்கிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். அதிலுள்ள மற்ற தாதுக்கள் மிகச் சொற்பம். கல் உப்பும் அப்படியே. தூள் உப்புக்கும் கல் உப்புக்கும் எடைக்கு எடை வித்தியாசம் கிடையாது.

ஆனால் இவற்றில் ஒரு குறை உண்டு, அயோடின். தைராய்டு சுரப்பிக்கும், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அயோடின் இன்றியமையாதது. அதனால்தான் 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. விற்பனை நிலையில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். 2018-19 தேசியக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம் மட்டுமே, மாநிலங்களில் மிகக் குறைவான நிலை. தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைவிக்கும் நம் மாநிலத்தின் நிலை இது. ஆகவே கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். அளவைக் குறையுங்கள், அயோடினை விட்டுவிடாதீர்கள்.

சோடியம் குறைந்த உப்பு நமக்குப் புதிதல்ல. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014 ஜூன் மாதம் "அம்மா உப்பு" என்ற பெயரில் மூன்று வகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. கிலோ 21 ரூபாய். சாதாரண அயோடின் உப்பு 10 ரூபாய்.

இத்தகைய உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பெரும்பாலோருக்கு அது நன்மையே. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் கூட வாய்ப்புண்டு. மருத்துவரைக் கேட்காமல் இவர்கள் இந்த உப்புக்கு மாறவே கூடாது.

அடியோடு நிறுத்துவதும் தவறு

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வார்ப்பட, வெல்டிங் பட்டறைகளில் நிற்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், சித்திரை வெயிலில் வண்டி ஓட்டி உணவு டெலிவரி செய்யும் நம் பிள்ளைகள் ஆகியோருக்கு வியர்வையில் உப்பு வெளியேறுகிறது. இவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் சோர்வும் தசைப்பிடிப்பும் வரும். ஒரு சிட்டிகை உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ அந்த நேரத்தில் மருந்து.

வயிற்றுப்போக்கில் உப்பு உயிரைக் காக்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு முக்கியம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

முதியவர்களுக்கு "உப்பே கூடாது" என்று வீட்டார் தாங்களாகவே முடிவெடுத்து நிறுத்திவிடுவதும் நடக்கிறது. சிறுநீர் அதிகம் போவதற்கான மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் ஒரேயடியாகக் குறைந்து, புத்தி தடுமாறி, மயக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் சொல்லியிருப்பது குறைக்கத்தான். எவ்வளவு என்பதை அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுச் சமையலில் போடும் உப்பு

வீட்டில் ஒருவர் தன் தட்டின் உப்பைத் தானே முடிவு செய்யலாம். ரமலான் மாதத்துப் பள்ளிவாசல் கஞ்சியிலும், நிக்காஹ் பிரியாணியிலும் அது முடியாது. அங்கே ஒருவர் கை நூறு பேருடைய அளவை முடிவு செய்கிறது. நூறு பேருக்கான சமையலில் அரைக் கிலோ உப்பு சேர்ந்தால் தலைக்கு 5 கிராம். அரிசி வேகவைத்து வடிக்கும் நீரில் போவதைக் கழித்தாலும், அந்த ஒரு வேளையிலேயே நாள் அளவின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. கூடவே தால்சா, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி ஒவ்வொன்றிலும் தனி உப்பு.

நோன்புக் கஞ்சிக்கு அரசு பச்சரிசி தருகிறது. செல்வந்தர்கள் கறியும் மசாலாவும் தருகிறார்கள். வரிசையில் பாத்திரத்தோடு நிற்பவர்களில் வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். பகல் முழுக்க நீர் அருந்தாத உடலில், இஃப்தாரில் கஞ்சி, வடை, சமோசா, பஜ்ஜி என்று எல்லாம் உப்பாகவே இறங்குகின்றன. ஸஹரில் ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்டால் மறுநாள் லுஹருக்கு முன்பே நாக்கு வறண்டுவிடும். நோன்பை இலகுவாக்க நினைப்பவர் முதலில் ஸஹரின் உப்பைக் குறைக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள்: கஞ்சியில் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். வேண்டுபவர்கள் சேர்த்துக்கொள்ள ஓரத்தில் கொஞ்சம் உப்பு வையுங்கள். போட்ட உப்பை யாராலும் எடுக்க முடியாது, போடாததை யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். பிரியாணி மாஸ்டரிடமும் இதைத் திருமண வீட்டார் முன்கூட்டியே சொல்லலாம். பிறருக்கு உணவளிப்பது பெரும் நன்மை. அந்த உணவு அவர்களுக்குத் தீங்கு தராமல் பார்த்துக்கொள்வது நம் மீதுள்ள அமானிதம்.

குறைக்கும் வழி

ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் சண்டைதான் வரும். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். பழகிய பின் முன்பு சாப்பிட்ட அளவே கரிப்பதாகத் தோன்றும். படிப்படியாக இப்படிச் செய்யலாம்:

1. கையால் அள்ளிப் போடுவதை விட்டு, அளவு தேக்கரண்டியால் போடுங்கள். இன்று எவ்வளவு போடுகிறோம் என்று தெரியாமல் குறைக்க முடியாது.

2. முதல் மாதம் சோறு வடிக்கும்போது போடும் உப்பையும், தயிரில், சாலட்டில், பழத்தில் தூவும் உப்பையும் நிறுத்துங்கள். குழம்பைத் தொட வேண்டாம்.

3. அடுத்து குழம்பில் கால் பங்கு குறையுங்கள். எலுமிச்சை, புளி, தக்காளி, மிளகு, சீரகம், புதினா, மல்லித்தழை ஆகியவற்றைச் சற்றுக் கூட்டினால் குறை தெரியாது.

4. சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் குப்பியையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் எடுத்துவிடுங்கள்.

5. கைக்குழந்தைக்கு முதல் ஒரு வருடம் உணவில் உப்பு சேர்க்கத் தேவையில்லை. அந்தச் சுவையைப் பழக்குவதும் நாம்தான்.

6. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். 140/90க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்படிச் செய்தால் அத்தாவுக்குத் தனிச் சட்டி வைக்க வேண்டியிராது. அவருக்கு ஏற்ற குழம்பே மகனுக்கும் பேரனுக்கும் ஏற்ற குழம்பாகிவிடும். நோய் வந்தபின் ஒருவருக்கு மட்டும் குறைப்பதைவிட, நோய் வருமுன் எல்லோருக்கும் சேர்த்துக் குறைப்பது குடும்பத்துக்கு நல்லது.

அளவோடு உண்ணும் உப்பு அருட்கொடை. அளவு மீறினால் கேடு. ஆரோக்கியமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைப் பேணி நடக்கும் மக்களாக அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.